மொழிப் பாடமா, மொழிவழிப் பாடமா?

முதலாம் வகுப்பிற்குப் பெயர் பதியும் காலம் வந்துவிட்டால், எம் தோட்டத்துக் காரியாலயத்தின் வாசலில் இரண்டொரு தாய்மார் வந்து நிற்பது வழக்கம். பதிவெல்லாம் கணினி வழியாயிற்றாதலின், கணினியுள்ள இடத்தையும் அதனை இயக்கத் தெரிந்த ஆளையும் நாடி வருகின்றனர். கையிலே பிள்ளையின் பிறப்புப் பத்திரம், முகத்திலே தயக்கம். "கிராணி ஐயா, வர்ற வருஷம் பிள்ளைக்கு ஏழு வயசு. தமிழ்ப் பள்ளியிலே போடவா, மலாய்ப் பள்ளியிலே போடவா? நீங்க இங்கிலீஷ் படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க" என்பர். நகரத்துத் தமிழரோ எம்மைக் கேட்பதில்லை. அவர்கள் முன்னமே முடிவு கட்டிவிட்டனர். தமிழ்ப் பாடசாலை ஏன் வேண்டாமென்கின்றீர் என்று யாம் வினவினால், "பிஞ்சு வயதில் இத்தனை மொழிச் சுமை ஆகாது; தமிழை வீட்டிலே பேசினாற் போதும்; வேண்டுமானால் வாரம் இரண்டு நாள் டியூஷன் வைத்துக்கொள்ளலாம்" என்று விடை வரும்.

இவ்விரு சாராருக்கும் ஒரே விடையைத்தான் ஈண்டு எழுதப் புகுந்தோம். யாம் கல்வி நூல் வல்ல பேராசிரியரல்லோம். செம்பனைக் குலை எண்ணிக் கணக்கெழுதும் தோட்டத்துக் கிராணி. ஆயின் ஆங்கிலவழிக் கல்வியின் இனிப்பையும் கசப்பையும் ஒருங்கே உண்டவராதலின், இதுபற்றிப் பேச எமக்குச் சிறிது உரிமையுண்டு என்று நம்புகின்றோம்.

எந்தையார் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். அதனால் யாம் முதலாம் வகுப்பு தொடங்கிப் பத்தாண்டுகள் ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் சென்று ஆங்குள்ள பாடசாலைகளிற் பயின்றோம். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, உறங்கியும் உறங்காமலும் பேருந்தில் எல்லை கடந்த பிள்ளைகள் அக்காலத்தும் பலர், இக்காலத்தும் பலர். கணிதம், விஞ்ஞானம், சரித்திரம் யாவும் ஆங்கிலத்தில். தமிழ் ஒரு பாடம். தமிழில் நல்ல மதிப்பெண்ணே பெற்றோம். உயிரியலிலும் நல்ல மதிப்பெண்ணே பெற்றோம். அவ்விரண்டும் எம்முள்ளே ஒருநாளும் சந்தித்ததில்லை என்பதை யாம் உணர்ந்தது பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, ஓர் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில்.

எம் அன்னையாருக்குச் சிறுநீரகம் பழுதுற்றது. வைத்தியர் ஆங்கிலத்தில் எமக்கு விளக்கினார். அன்னையாருக்கு மலாயில் இரண்டு வார்த்தை சொன்னார். அன்னையார் அறிந்தது சந்தை மலாய், ஆஸ்பத்திரி மலாயன்று. வைத்தியர் அகன்றபின் அவர் எம்மை நோக்கி, "ஏம்பா, அந்த மிஷின் என் ரத்தத்த எடுத்து என்னா செய்யும்? திரும்பக் குடுத்துடுமா?" என்று கேட்டார். யாம் வாய் திறந்தோம், சொல் வரவில்லை. குருதியின் ஓட்டம், கழிவு பிரிதல், சவ்வினூடே உப்பு கடத்தல் அத்தனையும் எமக்கு ஆங்கிலத்தில் மனப்பாடம். தமிழிலோ "ஒன்றும் பயமில்லையம்மா" என்பதற்கு மேல் ஒரு வாக்கியமும் எழவில்லை. பத்தாண்டுத் தமிழ்ப் பாடத்தில் பழமொழி கற்றோம், மரபுத்தொடர் கற்றோம், 'யான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை வரைந்தோம். எம் உடலுக்குள் இருப்பது யாதென்று ஒரு நாளும் தமிழில் கற்றோமில்லை.

அன்று மாலை மண்டோரின் மகள் எம் இல்லத்திற்கு வந்திருந்தாள். தோட்டத்திற்கு அருகிலுள்ள தமிழ்ப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு. அச்சிறுமி ஒரு பழைய காகிதத்தை எடுத்து, அவரை விதைபோல் இரண்டு வரைந்து, "பாட்டி, இதுதான் சிறுநீரகம். ரத்தத்துல இருக்கிற கழிவை இது பிரிச்சு எடுக்கும். உப்பு, வேண்டாத தண்ணி எல்லாம் சிறுநீரா வெளியே போயிடும். உங்களுக்கு இது சரியா வேலை செய்யல. அதனால மிஷின் செய்யுது" என்றாள். அவள் அதனை நான்காம் வகுப்பு அறிவியல் நூலிலே படித்தவள். அன்னையார் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். பக்கத்தில் அமர்ந்திருந்த யாம் பட்ட வெட்கத்தை எழுதிக் காட்டல் அரிது.

நண்பர்காள்! இருமொழிக் கல்வி, இருமொழிக் கல்வி என்று இன்று யாவரும் பேசுகின்றனர். மந்திரிமார் பேசுகின்றனர், பெற்றோர் சங்கத்தார் பேசுகின்றனர், தனியார் பாலர் பள்ளிகளின் விளம்பரத் தட்டிகளும் பேசுகின்றன. எனினும் ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு சரக்குகள் விற்பனையாகின்றன என்பதை எவரும் கூறுவதில்லை. ஒன்று, இரண்டு மொழிகளையும் கருவியாகக்கொண்டு பொருளைக் கற்றல். மற்றொன்று, ஒரு மொழியாற் பொருளைக் கற்று, மற்றொரு மொழியை அருங்காட்சியகத்துப் பாண்டம்போல் வாரத்திற்குச் சில மணி நேரம் எடுத்துத் துடைத்து மீண்டும் வைத்தல். முன்னதையே இருமொழிக் கல்வி என்று யாம் கொள்வோம். பின்னதை ஒருமொழிக் கல்வியும் அதனுடன் ஒரு மொழிப் பாடமும் என்று சொல்லுதலே நேர்மை.

சிங்கப்பூரைப் பழிப்பது எம் கருத்தன்று. அந்நாடு எமக்குக் கல்வியளித்தது. தமிழை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக வைத்துப் போற்றுகின்றது. 1960-இல் தொடக்கப் பள்ளிகளிலும் 1966-இல் உயர்நிலைப் பள்ளிகளிலும் இரண்டாம் மொழியைக் கட்டாயமாக்கிய நாடு அது. ஆயினும் ஆங்குத் தமிழ்வழிப் பாடசாலைகள் ஒவ்வொன்றாகக் குன்றி, கடைசியாக எஞ்சியிருந்த உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியும் 1982-இல் மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழியாயிற்று. தமிழ் ஒரு பாடமாக நின்றது. நல்ல ஆசிரியர், நல்ல நூல், அரசாங்கத்தின் ஆதரவு எல்லாம் உண்டு. விளைவு யாது? இந்தியர் இல்லங்களில் மிகுதியாகப் பேசப்படும் மொழி தமிழ் என்றோர் 2000-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் நூற்றுக்கு 42.9 பேர், 2010-இல் 36.7 பேர்; 2020-இல் 27.9 பேர். ஆங்கிலம் என்றோரோ அவ்விருபதாண்டுகளில் 35.6-இலிருந்து 59.2-க்கு ஏறினர். இக்கணக்கில் மலையாளியரும் பஞ்சாபியரும் பிறரும் அடங்குவர் என்பதையும், பின்னாளிற் குடியேறியோர் பலர் என்பதையும் மறைத்தல் தகாது. எல்லாப் பழியையும் பள்ளியின் தலையிற் சுமத்துதலும் தகாது; பிழைப்பு எம்மொழியிலோ, அம்மொழியிலே பிள்ளையைக் கொஞ்சும் பெற்றோர் எந்நாட்டிலும் உளர். ஆயினும் அத்துணை ஆதரவு பெற்ற தமிழே, ஒரு பாடமாக மட்டும் நின்ற காலத்தில் வீட்டிலும் நிற்க இயலாமற் போயிற்றென்றால், வாரம் இரண்டு நாள் டியூஷன் அதனை நிறுத்திவைக்குமென்று நம்மூர் அன்பர் கூறுவதை யாங்ஙனம் ஏற்பது?

இங்கே ஒரு வழக்கறிஞர் நண்பர் எம்மை மறிப்பார். அவர் நன்கு படித்தவர். "கனடாவைப் பாரும்! ஆங்கிலேயப் பிள்ளைகளை முதல் நாள் தொட்டே முழுக்க முழுக்கப் பிரெஞ்சு மொழியிற் படிக்கவைத்தனர். அவர்கள் ஆங்கிலமும் கெடவில்லை, பிரெஞ்சும் வந்தது. அங்ஙனமே நம் பிள்ளையையும் முதல் நாளே அயல்மொழியில் அமிழ்த்தினால் என்ன கேடு?" என்பார். உண்மைதான். 1965-இல் மொந்திரியால் நகரின் புறத்தே செயின்ட் லாம்பர்ட் என்னும் ஊரில் அம்முயற்சி தொடங்கியது. மெக்கில் பல்கலைக்கழகத்து வாலஸ் லாம்பர்ட் என்னும் அறிஞரும் அவர் துணைவரும் அப்பிள்ளைகளை ஆண்டுதோறும் சோதித்து நல்ல பலனே கண்டனர். ஆயின் அதே லாம்பர்ட் என்ன கூறினார் என்பதையும் வழக்கறிஞர் படித்தல் வேண்டும். மொழி கூடும் கல்வி ஒன்று, மொழி கழியும் கல்வி ஒன்று என்று அவரே பிரித்துக் காட்டினார். ஆங்கிலேயப் பிள்ளைக்கு வீட்டிலும், வீதியிலும், வங்கியிலும், வானொலியிலும், கண்டம் முழுவதிலும் ஆங்கிலமே அரசு செலுத்திற்று. அதன் மொழியை அசைப்பார் இல்லை. சில ஆண்டுகளில் ஆங்கிலமும் பள்ளிப் பாடத்துட் புகுந்தது. ஆற்றில் முழுகுவோனுக்குக் கரையில் உடை பத்திரமாக இருந்தது. நம் பிள்ளைக்கோ உடையே அஃதொன்றுதான். அதனையும் களைந்துவிட்டு ஆற்றில் இறங்கு என்கிறீர்.

சிறுபான்மையோர் பிள்ளைகளைச் சோதித்தோர் கூறுவது வேறு. அமெரிக்காவில் வேய்ன் தாமஸ், வர்ஜீனியா காலியர் என்னும் இருவர், வீட்டில் ஆங்கிலமல்லாத மொழி பேசும் ஏழு லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர் பதிவேடுகளை ஆராய்ந்து 1997-இல் வெளியிட்ட அறிக்கையை யாம் இருமுறை வாசித்தோம். ஆங்கிலத்திலேயே தள்ளப்பட்ட பிள்ளைகள் கீழ்வகுப்புகளில் முந்திச் செல்வதுபோற் காணப்படுவர். பெற்றோர் மகிழ்வர். பாடம் கடினமாகும் மேல்வகுப்புகளிலோ அவர்கள் பின்தங்குவர். தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் நெடுங்காலம் பாடங்கற்ற பிள்ளைகள் மெல்லத் தொடங்கி, பின்னர் ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவருக்கு நிகராக நின்றனர். தாய்மொழிவழிப் படித்த ஆண்டுகள் எத்தனையோ, அத்தனைக்கு ஆங்கிலக் கல்வியும் உரம் பெற்றது.

இது புதிர்போல் தோன்றும். தமிழிற் செலவழித்த நேரம் ஆங்கிலத்திற்கு எவ்வாறு உதவும்? டொராண்டோவிற் கற்பித்த ஜிம் கம்மின்ஸ் என்பார் இதற்குத் தக்க விளக்கம் தந்தார். விளையாட்டுத் திடலிற் பேசும் மொழி வேறு, பாடநூலைப் புரிந்துகொள்ளும் மொழி வேறு. முன்னது சுமார் இரண்டாண்டுகளில் வந்துவிடும். பின்னதற்கு ஐந்தாண்டும் அதற்கு மேலும் ஆகும். திடலில் மலாயிலும் ஆங்கிலத்திலும் சளசளவென்று பேசும் மகனைக் கண்டு, "என் பிள்ளைக்கு மொழி வந்துவிட்டது" என்று தந்தை பூரிக்கின்றார். அவ்விடத்திலேதான் ஏமாற்றம் தொடங்குகின்றது. ஆயின் பொருளை ஒரு மொழியில் உள்ளத்தில் நிறுத்திக்கொண்ட பிள்ளை, அதனை மறுமொழியில் மீண்டும் முதலிலிருந்து கற்க வேண்டுவதில்லை. பெயரை மாத்திரம் மாற்றிக்கொண்டால் போதும்.

எம் தோட்டத்திலேயே இதற்கு உயிருள்ள சான்று உண்டு. முதிய மண்டோர் ஒருவர். தமிழ்ப் பாடசாலையில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். குலைக் கணக்கை மனத்திற்குள் தமிழிலே போட்டு, மலாயிலே அறிக்கை எழுதுவார். எம் கணினிக் கணக்கில் ஒருமுறை பிழை கண்டு, "கிராணி, ஒரு லாரி குறையுதே?" என்றார். குறைந்துதான் இருந்தது.

நைஜீரியா நாட்டிலே 1970-இல் இல்லே-இஃபே நகரத்தில் பாப்ஸ் ஃபஃபுன்வா என்னும் கல்வியாளர் ஒரு சோதனை தொடங்கினார். ஒரு சாரார்க்கு ஆறு வகுப்பும் யொரூபா என்னும் தாய்மொழியில். ஆங்கிலம் அதற்கெனத் தேர்ந்த ஆசிரியர் கற்பிக்கும் ஒரு பாடம். மற்றச் சாரார்க்கு வழக்கம்போல் மூன்று வகுப்பிற்குப் பின் எல்லாம் ஆங்கிலம். யொரூபாவிற் படித்த பிள்ளைகள் மற்றப் பாடங்களில் விஞ்சினர் என்பது வியப்பன்று. ஆங்கிலத்திலும் அவர்கள் தாழவில்லை. அவர்கட்கு நூலும் ஆசிரியரும் நன்கு அமைந்தமையே காரணம் என்று குறை கூறுவாரும் உளர். அக்குறையை யாம் மனமுவந்து ஏற்கின்றோம். தமிழ்ப் பாடசாலைக்கும் அத்தகைய நூலையும், ஆங்கிலத்திற்கும் மலாய்க்கும் அத்தகைய தேர்ந்த ஆசிரியரையும் தருக; அதன் பின்னன்றோ தாய்மொழிக் கல்வி பிள்ளையைப் பிடித்திழுக்கின்றது என்று பேசலாம்!

இனி நம் நாட்டின் கதை. 'இருமொழி' என்னும் சொல் மலாயாத் தமிழனுக்குப் புதிதன்று. 1951-இல் பார்னஸ் குழுவினர் எல்லாப் பிள்ளைகளுக்கும் இருமொழித் தேசியப் பாடசாலை வேண்டுமென்றனர். எவ்விரண்டு மொழி? மலாயும் ஆங்கிலமும். தமிழரும் சீனரும் தம் தாய்மொழிப் பாடசாலைகளை நாளடைவிற் கைவிடல் வேண்டும் என்பது அவர் எண்ணம். தன் தாய்மொழி இல்லாத இருமொழிக் கல்வி நம் பிள்ளைக்கு அக்காலத்திலேயே தைக்கப்பட்ட சட்டை. சமூகத்தார் எதிர்த்தனர், அத்திட்டம் முழுதாக நிறைவேறவில்லை. 1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையின் வழியே தமிழ்த் தொடக்கப் பாடசாலைகள் நாட்டுக் கல்வி முறையில் இடம்பெற்றன. அவற்றின் இருப்பு அரசியற் சட்டத்திற்கு ஒவ்வாதென்று சிலர் தொடுத்த வழக்கில், அவை சட்டத்திற்கு முரணல்ல என்று 2021-இல் உயர்நீதி மன்றமும் 2023-இல் மேன்முறையீட்டு மன்றமும் தீர்ப்பளித்தன. ஆகவே சட்டம் நம்மைத் தடுக்கவில்லை. நம்மைத் தடுப்பது நாமே.

2003-இல் நடந்தது நினைவிருக்கும். கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்திற் கற்பிக்கப்படும் என்று அரசாங்கம் ஆணையிட்டது. சீனப் பாடசாலையார் வாதாடி, ஆங்கிலத்துடன் தம் மொழியிலும் அப்பாடங்களை நடத்தி வந்தனர். தமிழ்ப் பாடசாலைகளிலோ அவை ஆங்கிலத்திற்கு மாறின. நம்மவரிற் பலர் கைகொட்டினர். எம் சிற்றன்னையின் மகன் அவ்வாண்டில் முதலாம் வகுப்பிற் சேர்ந்தவன். ஒருநாள் அவன் "எவாபரேஷன், எவாபரேஷன்" என்று எழுத்துக் கூட்டி உருப்போட்டுக்கொண்டிருந்தான். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. "தம்பி, பானையில் தண்ணீர் குறைகிறதே, எங்கே போகிறது?" என்று யாம் கேட்டோம். "அடியில் ஒழுகுது" என்றான். சொல் கையிலிருந்தது, பொருள் பானையிலிருந்தது. இரண்டையும் இணைக்கும் மொழியை நாம் அவனிடமிருந்து எடுத்துவிட்டிருந்தோம். அவன் ஆசிரியையை யாம் குறை கூறோம். அவரும் தமிழிற் பயின்று, தமிழிற் பயிற்சி பெற்று, ஓராண்டிற்குள் ஆங்கிலத்திற் கற்பிக்குமாறு பணிக்கப்பட்டவர்.

அத்திட்டம் 2009-இற் கைவிடப்படுவதாக அறிவிக்கப்பட்டு, 2012 முதல் படிப்படியாக நீங்கியது. உலக நாடுகளின் எட்டாம் வகுப்பு மாணவரை ஒப்பிடும் டிம்ஸ் தேர்வில் மலேசியப் பிள்ளைகள் கணிதத்தில் 2003-இல் 508 புள்ளியும், 2007-இல் 474 புள்ளியும், 2011-இல் 440 புள்ளியும் பெற்றனர். விஞ்ஞானத்தில் 510, 471, 426. இச்சரிவு முழுவதும் மொழியினால் வந்ததென்று அடித்துக் கூற யாம் துணியோம். அது எல்லா இனத்துப் பிள்ளைகளின் கணக்கு, காரணங்களும் பலவாகலாம். ஆங்கிலத்திற் கற்பித்தால் கணிதமும் விஞ்ஞானமும் தாமே ஓங்கும் என்று அன்று முழங்கியோர் இக்கணக்கிற்கு என்ன விடை கூறுவர் என்பதே எம் கேள்வி. 2016-இல் இருமொழிப் பாடத்திட்டம் என்னும் புதுப் பெயருடன் அதே சரக்கு மீண்டும் கடைக்கு வந்தது. சில தமிழ்ப் பாடசாலைகளும் முந்திக்கொண்டு அதில் இணைந்தன. தமிழ்ப் பாடசாலையிலிருந்து கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் எடுத்துவிட்டால் அங்கே தமிழுக்கு எஞ்சுவது எது? பழமொழியும் மரபுத்தொடரும் 'யான் சென்ற சுற்றுலா'வும். அக்கல்வியின் பயனை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திற் கண்டவர் யாம்.

தமிழ்ப் பாடசாலைப் பிள்ளை இடைநிலைப் பள்ளியில் தடுமாறுகின்றதே என்பர். தடுமாறியது, மெய். மலாயில் தேறாத பிள்ளைகள் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழித்ததும், பலர் அவ்வாண்டோடு படிப்பையே முடித்துக்கொண்டதும் தோட்டந்தோறும் அறிந்த கதை. அதன் காரணம் தமிழிற் படித்ததா, அன்றி மலாய் சரிவரக் கற்பிக்கப்படாததா என்று பகுத்துப் பார்ப்பார் எத்தனை பேர்? தோட்டப் பாடசாலை என்பது தொடக்கத்தில் தொழிலாளியைத் தோட்டத்தில் நிறுத்திவைப்பதற்குத் துரைமார் சட்டத்திற்கு அஞ்சி எழுப்பிய கொட்டகை. ஒரே அறையில் மூன்று வகுப்பு, ஒரே ஆசிரியர். அவரே மாலையில் காரியாலயத்திற் கணக்கும் எழுதுவார். அக்கொட்டகையில் எம்மொழியிற் கற்பித்தாலும் பிள்ளை தடுமாறியே இருக்கும். கூரை ஒழுகியது, பழி தமிழின்மேல் விழுந்தது. 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப் பாடசாலைகள் இன்று ஐந்நூற்றிருபதுக்குச் சற்று மேல். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, நம்மவர் நகரத்துக்குப் பெயர்ந்தனர். அதனாலும் பாடசாலைகள் குறைந்தன. குறைந்தவை போக நின்றவற்றிற் பல இன்று நல்ல கட்டடமும் நல்ல ஆசிரியரும் உடையன என்பதை, அவற்றின் வாயிலை மிதியாத நகரத்து நண்பர் அறியார்.

மற்றொரு கூட்டத்தாரையும் விட்டுவிடலாகாது. அவர்கள் நம் பக்கத்தார். ஆகவே சற்றுக் கடுமையாகவே பேசுவோம். மேடையேறினால் தமிழைத் தாயென்பார், தெய்வமென்பார். பேச்சுப் போட்டிக்குக் கேடயம் வழங்குவார். அவர்தம் பிள்ளையோ வேறு பள்ளியில் இருக்கும். "எங்கள் சூழ்நிலை அப்படி" என்பார். தோட்டத்து ஏழைக்கு மாத்திரம் சூழ்நிலை இல்லை போலும்! இவர்களால் தமிழுக்கு விளைந்த கேடு பகைவரால் விளைந்ததினும் பெரிது. ஏனெனின், தமிழை உணர்ச்சிக்குரிய மொழியென்று ஒதுக்கி, அறிவுக்குரிய இடத்தைக் காலி செய்து கொடுத்தவர் இவர்களே. தமிழில் வாழ்த்துப் பாடலாம், பின்னம் கற்பிக்கலாகாது என்னும் எண்ணம் இம்மேடைகளில்தான் முளைத்தது. 1950-களில் 'தமிழ் முரசு' சாரங்கபாணியார் 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியபோது, தோட்டத்துத் தொழிலாளர் தம் கூலியிற் கிள்ளிக் கொடுத்தது மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டி. ஒரு கேடயம் வாங்கவன்று. தம் மொழி உயர்ந்த கல்விக்குரியது என்று அவ்வெழுத்தறியாதார் அறிந்திருந்தனர்.

ஆங்கிலம் வேண்டாமென்று யாம் கூறவில்லை. கூறினால் எம் சோற்றில் யாமே மண் போடுவதாகும். மலாய் நாட்டின் மொழி. அதில் தேர்ச்சியில்லாத பிள்ளைக்கு இந்நாட்டிற் கதவில்லை. இரண்டையும் செம்மையாகக் கற்பிக்க வேண்டுமென்று பெற்றோர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டும். மலாய் ஆசிரியர் இடம் காலியாகக் கிடந்தால் மாவட்டக் கல்வி இலாகாவிற்கு எழுத வேண்டும். எழுதத் தெரியாதவர் எம்மிடம் வரலாம், எழுதித் தருவோம். ஆனால் அம்மொழிகள் ஊன்றுவதற்கு அடியில் ஒரு நிலம் வேண்டும். ஏழு வயதுப் பிள்ளையிடம் உள்ள நிலம், அதன் ஆயாளும் அன்னையும் பேசிய மொழியே. "தமிழ் வீட்டிலே வந்துவிடும்" என்பார்க்கு ஒன்று சொல்வோம். வீட்டிலே வருவது 'சாப்பிட்டாயா', 'தூங்கு', 'அடி வாங்குவாய்' என்பன. 'கழிவு', 'பின்னம்', 'ஆவியாதல்', 'ஒப்பந்தம்', 'உரிமை' என்பன பாடசாலையில்தான் வரும். காரியாலயத்தில் யாம் காண்கின்றோம். சேமநிதிப் பத்திரத்திலும், வேலை ஒப்பந்தத்திலும், ஆஸ்பத்திரிச் சம்மதத் தாளிலும் 'எங்கே ஐயா கையெழுத்து?' என்று மாத்திரம் கேட்பவர், எழுதப் படிக்கத் தெரியாதவர் அல்லர். மூன்று மொழியிலும் சிறிது சிறிது தெரிந்து, ஒன்றிலேனும் ஒரு பத்தியைப் புரிந்து படிக்க மாட்டாதவர். இளைஞரிலேதான் இவர் மிகுதி. முதிய மண்டோர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தமிழில் ஒருமுறை விளக்கச் சொல்லி, இரண்டு கேள்வி கேட்டபின்னரே கையெழுத்திடுவார்.

ஆறாம் வகுப்போடு தமிழ்வழிக் கல்வி நின்றுவிடுகின்றது. இந்நாட்டில் தமிழ் இடைநிலைப் பள்ளி இல்லை. ஆறாண்டு ஊன்றிய செடியைப் பிடுங்கி வேறு நிலத்தில் நடுகின்றோம். வேரில் ஒட்டிய மண்ணையாவது உதறாதிருத்தல் வேண்டும். இடைநிலைப் பள்ளியில் பதினைந்து மாணவரின் பெற்றோர் விண்ணப்பித்தால் தாய்மொழி வகுப்பு நடத்துதற்கு 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தில் இடமுண்டு. அவ்வகுப்பிலாவது பழமொழியோடு நில்லாது, விஞ்ஞான நூலின் ஒரு பக்கத்தையும் செய்தித்தாளின் ஒரு பத்தியையும் தமிழிற் படித்து விவாதிக்கும்படி ஆசிரியரைக் கேட்பது பெற்றோர் கையில் உள்ளது. தேர்வில் தமிழ் எடுத்தால் மதிப்பெண் குறையும் என்று பிள்ளையைத் தடுக்கும் ஆலோசகர் பலர். அவர் பேச்சைக் கேட்டு விலகும் ஒவ்வொரு பிள்ளையும் அப்பதினைந்தில் ஒன்றைக் குறைக்கின்றது.

எம் தோட்டத்துப் பிள்ளைகளும் அடுத்த தாமானில் உள்ள பிள்ளைகளும் செல்லும் இடைநிலைப் பள்ளியில் இரண்டாண்டுகளாகத் தமிழ் வகுப்பு இல்லை. சென்ற மாதம் விண்ணப்பத் தாள் ஒன்றைத் தட்டச்சிட்டு மண்டோர் வீடுவீடாகக் கொண்டு சென்றார். இதுவரை பதினொரு கையெழுத்து விழுந்துள்ளது. தாள் எம் மேசையின்மேல், செக்ரோல் புத்தகத்திற்கு அடியில் இருக்கின்றது. ஞாயிறு தவிர எல்லா நாட்களிலும் காலை ஆறு மணி முதல் காரியாலயம் திறந்திருக்கும். இன்னும் நான்கு பேர் வேண்டும்.